ஐந்தே முக்கால் மணித் தண்ணீர்

"பாட்டில்ல எம்பொண்ணு பேர எழுதச் சொன்னது யாரு சார்? அத மட்டும் சொல்லுங்க!"

"கத்தாதீங்க. பக்கத்துல வகுப்பு நடக்குது."

"நடக்கட்டும். பதினோரு வருஷம் சார், ஆலைக்கு ஒரு நாள் லேட்டா போனதில்ல. நேத்து வாசல்லயே நிக்க வச்சு, 'இனிமே வராத, வீட்ல உக்காந்து பொண்ணுக்கு அறிவியல் சொல்லிக் குடு'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, விடைத்தாள் கட்டோடு நின்றிருந்த அறிவியல் டீச்சர் காதில் அது விழுந்தது. எழுதச் சொன்னது அவர்தான்.

அந்தப் பள்ளியில் வருடா வருடம் சுற்றுச்சூழல் கண்காட்சி நடக்கும். வருடா வருடம் அதே அட்டைதான். மரம் நடுவோம், குப்பையைத் தொட்டியில் போடுவோம். இந்தத் தடவை ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்றாள். வகுப்பே அவளைக் கேள்விப்பெட்டி என்றுதான் கூப்பிடும்.

"டீச்சர், நாங்க மரம் நட்டா வாய்க்கால் நீலமா ஓடறது நிக்குமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருபது வருடமாகக் காத்திருந்தவர் அவர். மறுநாளே ஐந்து பேருக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்து, வாய்க்காலில் ஐந்து இடத்தில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார்.

"யார் எடுத்தது, எங்க, எத்தன மணிக்கு, யார் சொல்லித் தெரிஞ்சது. எல்லாம் லேபிள்ல இருக்கணும். இல்லன்னா அது சாம்பிள் இல்ல, வெறும் அழுக்குத் தண்ணி."

நாலு பேர் பள்ளி விட்டதும் போய்ப் பிடித்து வந்தார்கள். நாலும் லேசான பழுப்பு. கேள்விப்பெட்டியின் பாட்டில் மட்டும் கருநீலம். லேபிளில் முத்து முத்தான எழுத்தில் அவள் பெயர். அதன் கீழே: 'சாய ஆலையின் பின்சுவர்க் குழாய். காலை 5.45. சொன்னது: அப்பா.'

ஷிப்ட் மாறுகிற அந்தப் பத்து நிமிடம்தான் ஆலை கழிவுநீரைத் திறந்துவிடும். உள்ளே வேலை செய்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த நேரம் தெரியாது. டீச்சர் அந்த லேபிளைப் படித்தார். எழுத்தைப் பார்த்துப் பூரித்துப் போனார். அதை வேறு யார் யார் படிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. யோசிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அதை மட்டும் யோசிக்கவில்லை.

கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினர் ஆலை மேனேஜர். பள்ளியின் கம்ப்யூட்டர் அறை ஆலை கட்டிக் கொடுத்தது. அவர் குனிந்து அந்த லேபிளை இரண்டு தடவை படித்தார். "வெரி குட் பாப்பா" என்று கன்னத்தைத் தட்டினார். முதல் பரிசையும் தன் கையாலேயே கொடுத்தார்.

"வாங்க டீச்சர், வாங்க. நீங்க பத்த வச்ச நெருப்பு, நீங்களே வந்து பாருங்க" என்றார் தலைமையாசிரியர், அறைக்குள்ளிருந்து.

மேசைமேல் ஆலைக்கு எழுதிய கடிதம் ஒன்று தயாராக இருந்தது.

"பாக்க எடுப்பா இருக்கட்டும்னு பசங்க தண்ணில மை கலந்துட்டாங்க. இவ்வளவுதான் விஷயம். உங்க கையெழுத்து ஒண்ணு, பொண்ணு கையெழுத்து ஒண்ணு. மேனேஜர்கிட்ட பேசிட்டேன். இவரத் திரும்ப எடுத்துக்குவாரு."

"அது பொய் சார்."

"உண்மைய வச்சு இவரு வீட்டு அடுப்பு எரியுமா?"

அப்பாவின் குரல் இப்போது இறங்கியிருந்தது. "டீச்சர், அது என்ன தண்ணின்னு எங்களுக்குத் தெரியாதா?" இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பத்து நகமும் நீலம். "எனக்கும் அறிவியல் தெரியும் டீச்சர். எனக்கு இப்ப வேல வேணும்."

டீச்சர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

பிறகு கேள்விப்பெட்டியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அழவில்லை.

"மை கலந்தோம்னு மட்டும் போட்டாப் போதுமா டீச்சர்? எத்தன மில்லின்னு எழுத வேணாமா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். பழக்கதோஷம், கீழே தேதியும் மணியும் எழுதினாள்.

அப்பாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வாய்க்கால் இன்னும் காலையில் பத்து நிமிடம் நீலமாக ஓடுகிறது. அடுத்த வருடக் கண்காட்சியில் அவள் ஒரு மரம் வரைந்து, 'மரம் நடுவோம்' என்று எழுதிவைத்தாள். பெயர் போடவில்லை, நேரம் போடவில்லை. டீச்சர் பத்துக்குப் பத்து போட்டார். முதல் பரிசும் அதற்குத்தான். இப்போது அவளை யாரும் கேள்விப்பெட்டி என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடக் காரணமும் இல்லை.

பாடம் எடுக்கிறவர்களும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். 'நானாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற அந்த அப்பாவிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? அதையும் சேர்த்து எழுதுங்கள்.