ஹெட்ஃபோன் சுற்றுலா

விடுதி வரவேற்பறையில் இரண்டு சுற்றுலாக்களைச் சொன்னார்கள். வழிகாட்டியோடு நாலைந்து பேராகப் பேசிக்கொண்டே நடப்பது ஒன்று; பஸ்ஸில் உட்கார்ந்து வழிகாட்டியின் விளக்கத்தை ஹெட்ஃபோனில் கேட்டபடி ஊர் சுற்றுவது இன்னொன்று. அவள் நடப்பதற்குத்தான் ஆசைப்பட்டாள். கணவன் அவளோடு மனம்விட்டுப் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. இந்த விடுமுறையும் கைவிட்டால் வேறு வழியில்லை.

“பஸ்ஸே நல்லது. ஹெட்ஃபோன் குடுத்துடுவாங்க, யார் தொணதொணப்பும் கேக்காது,” என்று அவன் சீட்டு வாங்கிவிட்டான்.

பஸ் கிளம்பியதும் அவன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். அவள் தன்னுடையதைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“என்னங்க, திரும்பிப் போனதும் நான் அம்மா வீட்டோடயே போய் இருந்துடட்டுமா?”

காதில் வழிகாட்டி என்ன சொன்னானோ, அவன் வெளியே பார்த்தபடியே தலையாட்டினான்.

“ஆமாமா, பிரமாதம்!”

அவள் கேட்டதற்கு அவன் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது அதுதான் முதல் தடவை.