பாலத்துல யாரும் இல்ல

அப்ப நான் திருமுல்கேரி ராணுவ முகாம்ல சுபேதார். ராணுவமும் விமானப்படையும் சேந்து குண்டு போடப் பழகுற வகுப்புக்கு நானாத்தான் கேட்டு வந்தேன். என் தம்பி ஏனோக் எழுபத்தொண்ணு சண்டையில ஒரு பாலத்து மேல நம்ம விமானம் போட்ட குண்டுலயே செத்தான். பழைய சேதியை நம்பி எவனோ ஒருத்தன், பாலம் காலின்னு சொல்லிட்டான்.

வகுப்புல பெரிய மணல் மேஜை. ஆறு, ரோடு, மரத்துண்டுல பாலம். நீல நூல் கிடந்தா அங்க நம்ம ஆளுங்க. குண்டு போடுறதுக்கு முன்னாடி ராணுவத்துக்காரன் வாய்விட்டுச் சொல்லணும், அங்க நம்ம ஆளு இல்லன்னு. அதைச் சொல்ற ஆள் நான். எதிரி டாங்கி தாண்டுறதுக்குள்ள பாலத்தை உடைக்கிற பயிற்சி ரெண்டு தடவை வந்துச்சு, ரெண்டு தடவையும் எனக்கு வாய் வரல. இன்னொரு தடவை இப்படின்னா திருப்பி அனுப்பிடுவேன்னு மேஜர் ராமசுவாமி சொல்லிட்டார்.

மூணாவது தடவை. எதிர்ல விமானப்படை வாரன்ட் ஆபீசர் ஜகதீசன், மாயவரத்துக்காரர். விமானம் மேல சுத்துது, பாலம் காலியான்னு கேட்டார். சாப்பிட்ட தூக்கமா ஓய்னு கிண்டல் வேற.

முன்னால இருக்கிற நம்ம நூறு பேர் கம்பெனிகிட்டருந்து, பாலம் காலின்னு வந்தது பழைய சேதி. நான் பேசல. மேஜர் பொறுத்துப் பாத்தார். அப்புறம் எதிரி டாங்கி பொம்மையைப் பாலம் தாண்ட வெச்சு, நீல நூலைப் பிடுங்கி என் கையில குடுத்தார்.

"நூறு பேரு கிதியோன். நீங்க பேசாததால செத்தவங்க."

நூல் எடையே இல்லாம உள்ளங்கையில கெடந்துச்சு. இன்னொரு வாட்டி செய்றேன்னு கேட்டேன். சரின்னு தலையாட்டினார். நூலைப் பழையபடி போட்டுட்டு, ஜகதீசன் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி நான் கேட்டேன்.

"விமானம் எவ்ளோ நேரம் மேல நிக்கும்?"

"பத்து நிமிஷம். எங்கிட்ட யாரும் இதைக் கேட்டதில்ல ஓய்."

"அதுவரைக்கும் போடாதீங்க. எங்க ஆளுங்க எங்கன்னு எனக்குத் தெரியல."

பக்கத்து ரூம்ல கம்பெனியா நடிக்கிற சிக்னல்காரரை ஒயர்லெஸ்ல கூப்பிட்டேன். ரெண்டு தடவை பதில் இல்ல. மூணாவதுல, பாலத்து மேல பத்துப் பேர் நிக்கிறதா சொன்னார். இறங்கி வரச் சொன்னேன். வந்தாச்சுன்னு சொன்னதும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டு, ஜகதீசனைப் பாத்துச் சொன்னேன்.

"பாலத்துல நம்ம ஆளு யாரும் இல்ல."

ஜகதீசன் குனிஞ்சு, குண்டு விழுந்த கணக்கா பாலத்து மரத்துண்டை ரெண்டு விரலால எடுத்தார். கிண்டல் பண்ணல. மேஜர் நாளைக்குப் பயிற்சிக்கு வர்றவங்க பேரை வாசிச்சார், என் பேரும் அதுல இருந்துச்சு.

எல்லாரும் டீக்குப் போனாங்க. மணல்ல ரெண்டு பக்கமும் ரோடு ஆத்து வரைக்கும் வந்து நின்னுச்சு. நான் அங்கேயே பாத்துக்கிட்டு நின்னேன்.