பழைய குண்டு, புதுக் குண்டு

தொப்பியைக் கழற்றப் போய்த்தான் அத்தனையும் கொட்டிற்று. இடது கையில் ஒரு தகர மூடி, வலது கையில் ஒரு தகர மூடி, கக்கத்தில் சைக்கிள் சக்கரம். இந்த லட்சணத்தில் எனக்கு மூன்றாவது கை ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டு தலைக்குக் கையைத் தூக்கினேன். பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், முகம் பார்க்கிற மாதிரி துடைத்து வைத்த தரையில், இரும்புக் குண்டுகள் கொத்தாக விழுந்து சிதறின. யாருக்கோ மொத்தப் பல்லும் ஒரேயடியாக உதிர்ந்த மாதிரி சத்தம். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் முதலில் அவரவர் வாயைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன சத்தம் அங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிற அம்மாள். எல்லாருக்கும் டோக்கன் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா! பால்ஸ் கொட்டிடுச்சு!"

சைக்கிள் தொழிலில் சக்கரத்துக்குள் உருளும் குண்டை நாங்கள் பால்ஸ் என்போம். அந்த அம்மாளுக்கு எங்கள் தொழில் தெரியாது.

"பால் கொட்டினா ஒண்ணுமில்லையா? எறும்பு மொய்ச்சா உங்க தாத்தாவா வந்து விரட்டுவாரு?" என்று ஈரத் துடைப்பத்தோடு ஓடி வந்தவர், முதல் குண்டின் மேலேயே கால் வைத்தார். அரை அறை தூரம் தேர் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்து நின்றார். "என்னய்யா பால் இது, இவ்வளவு கெட்டியா?"

இந்த மருத்துவமனைக்கு நேர் கீழேதான் எங்கள் கடை. பழைய காலத்து சைக்கிள்களைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி ஓட வைக்கிற கடை. கூட்டாளி என் அக்கா புருஷன். மாடியில் இருக்கும் டாக்டரம்மா, யாரோ விற்ற ஒரு பச்சை நிற சைக்கிளை ஆசைப்பட்டு வாங்கினார். அவரை விட வயதான சைக்கிள். பின்சக்கரம் கரக் கரக்கென்று பல்லைக் கடித்தது. அதைக் காட்ட அவர் கீழே இறங்கி வந்த அன்றைக்கே என் கதை முடிந்தது. எனக்கு நாற்பது. வீட்டில் 'உனக்கு எப்போ கல்யாணம்?' என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். டாக்டர் வீட்டிலும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டதாக டோக்கன் அக்கா சொல்லியிருந்தார்.

போன வாரம் ஒரு நாள் துணிந்து மாடியேறினேன். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றே ஒன்று. சிகிச்சை அறையின் வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் கேட்டேன்: "டாக்டர், நாம மோதிரம் மாத்திக்கலாமா?"

டாக்டர் திரும்பவில்லை. யாருடைய வாய்க்குள்ளோ டிரில் ஓடிக்கொண்டிருந்தது. வேலையை விடாமல் பதில் மட்டும் சொன்னார்: "பாக்கலாம். முதல்ல கழட்டிப் பாருங்க. அவசரப்பட்டு மாத்த வேண்டாம். பழசே ஓடும்னா ஓடட்டும்."

நம் ஆட்கள் சொல்கிற 'பாக்கலாம்' இருக்கிறதே, அதற்கு அர்த்தம் கண்டுபிடித்தவன் இன்னும் பிறக்கவில்லை. வரும் என்றும் இல்லை, வராது என்றும் இல்லை. பந்தலில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டு அடுப்பு பற்ற வைக்கப் போகிற வார்த்தை. கீழே வந்து மாமாவிடம் சொன்னேன். அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. தப்பாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

"கழட்டிப் பாருங்கன்னா எதை மாமா கழட்டறது?"

மாமா கிரீஸ் கையோடு என்னை மேலும் கீழும் அளந்தார். "உன்கிட்ட கழட்டற மாதிரி இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான் மாப்ள. அந்தத் தொப்பி. உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாங்க."

உள்ளே ஒன்றும் இல்லை என்பதுதான் பிரச்சினை. அதற்காகத்தான் தொப்பியே.

"சரி, பழசே ஓடும்னா ஓடட்டும்னா?"

மாமா ஸ்பானரைக் கீழே வைத்தார். "அதான் மாப்ள இடிக்குது. யாரோ பழைய ஆளு ஒருத்தன் இருக்கான். இன்னும் ஓடிக்கிட்டு இருக்கான்."

அந்த வாரம் முழுவதும் தெருவில் யார் ஓடினாலும் எட்டிப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்குள் டாக்டரின் சக்கரத்தைப் பிரித்தாயிற்று. அச்சின் இரண்டு பக்கமும் திருகியிருக்கும் கோன்கள் தேய்ந்து போயிருந்தன. கோன் என்றால் ஐஸ்கிரீம் கோன் அல்ல. அதே ஜாடையில் விரல் கனத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. அதன் கழுத்தைச் சுற்றித்தான் குண்டுகள் ஓடும். அந்த அளவு இப்போது எங்கேயும் வருவதில்லை. லேத் பட்டறைக்காரரைக் கெஞ்சி இரண்டு கடைந்து வாங்கினேன். பழைய கோன்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பழைய குண்டு ஒரு மூடியில், புதுக் குண்டு ஒரு மூடியில் என்று மாடிக்குக் கிளம்பினேன். வாடிக்கையாளரிடம் காட்டிவிட்டு மாற்றுவதுதான் தொழில் நேர்மை என்று மாமாவிடம் சொன்னேன். மாமா நம்பவில்லை. "தொப்பியை மறந்துடாத" என்றார். டாக்டரைக் கண்டதும் கழற்றுவது என்று ஏற்பாடு. கதவு திறந்தது, கழற்றினேன், கொட்டிற்று.

"யாரும் நகராதீங்க!" என்றார் டாக்டர். முகமூடி, கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் பல்லைப் பார்க்கிற சின்னக் கண்ணாடி. அப்படியே தரையில் மண்டியிட்டு அந்தக் கண்ணாடியை சோபாவுக்கு அடியில் நீட்டினார். "மேல் வரிசையில ரெண்டு. இடது ஓரத்துல ஒண்ணு, ஒட்டடைக்குள்ள."

கடைவாய்ப் பல் பிடுங்க வந்து, ஊசி போட்டு மரத்துப் போன வாயோடு காத்திருந்த பெரியவர் ஒருவர் "அஹ்ஹோ... ஹோஃபா... அஹியிஹ்!" என்று கத்தினார்.

"வலிக்குதாம் டாக்டர்" என்றார் டோக்கன் அக்கா.

பெரியவர் கடுப்பாகி, சோபாவுக்கு அடியில் கழற்றி வைத்திருந்த தன் ஷூவைக் காட்டினார். அதற்குள் நாலு குண்டு.

ஒருவழியாக எல்லாம் சேர்ந்தன. ஆனால் ஒரே குவியலாகச் சேர்ந்தன. பழசும் புதுசும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

"கலந்தா என்ன?" என்றார் டாக்டர்.

"தேய்ஞ்சது ஒண்ணு உள்ள போனாலும் புது கோனைக் கடிச்சுத் துப்பிடும் டாக்டர்."

"அப்ப உக்காருங்க. பிரிச்சிடலாம். ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் மரத்துப் போகட்டும்."

டோக்கன் மேசை விளக்குக்குக் கீழே எதிரெதிரே உட்கார்ந்தோம். பூதக்கண்ணாடி வழியாக ஒவ்வொரு குண்டாக உருட்டிப் பார்த்து, புள்ளி விழுந்ததை இந்த மூடியிலும் பளபளப்பதை அந்த மூடியிலும் போட்டார். பையிலிருந்து பழைய கோனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று தொண்டையைச் செருமினேன்.

"இந்தக் கோன் இருக்கே டாக்டர், ரொம்ப இறுக்கினா சுத்தாது. ரொம்பத் தளர்த்தினா ஆடும். மனுஷ வாழ்க்கையும் பாத்தீங்கன்னா..."

"சைக்கிளை சைக்கிளா பேசுங்க. உங்க முழங்கைகிட்ட ஒண்ணு உருளுது பாருங்க."

பிடித்தேன். நேராகவே வந்துவிட்டேன். "நீங்க சொன்ன மாதிரி கழட்டியாச்சு டாக்டர். பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றார், கண்ணாடிக்குள்ளிருந்து. "ரொம்பத் தேய்ஞ்சு போச்சு."

என் கை தானாகத் தலைக்குப் போயிற்று. "ரொம்பவா?"

"நடுவுல மொத்தமா போயிடுச்சு. ஓரத்துல மட்டும் சுத்தி கொஞ்சம் இருக்கு."

"அது... எங்க அப்பாவுக்கும் அப்படித்தான் டாக்டர். பரம்பரை."

"இதுக்கு மேல வச்சிருக்கறதுல அர்த்தமில்ல. மாத்திடறதுதான் நல்லது."

"விக் வைக்கச் சொல்றீங்களா?"

டாக்டர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "சக்கரத்துக்கா?"

அவர் கையில் இருந்தது பழைய கோன். நான் அதைப் பார்த்தேன். அவர் என் தலையைப் பார்த்தார். டோக்கன் அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"உங்க தலையைப் பத்தி இங்க யாருங்க பேசினா?"

"நீங்கதானே டாக்டர் அன்னிக்கு கழட்டிப் பாக்கச் சொன்னீங்க! நான் வாசல்ல நின்னு கேட்டேனே..."

"கேட்டீங்க, மாத்திக்கலாமான்னு. சக்கரத்தைக் கழட்டிப் பாருங்கன்னேன்."

"அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை இருந்துச்சு டாக்டர்."

"டிரில் ஓடிட்டு இருந்துச்சு. என்ன வார்த்தை?"

பெரியவர் மரத்த வாயைக் கையால் தாங்கிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"மோதிரம்" என்றேன். காற்றுப் போன டியூப் மாதிரி வந்தது குரல்.

துடைப்பம் விழுந்தது.

"அப்ப அந்தப் பழைய ஆளு இல்லையா டாக்டர்?"

"எந்தப் பழைய ஆளு?"

"பழசே ஓடும்னா ஓடட்டும்னீங்களே."

"பழைய கோனுங்க!"

முகமூடி உப்பி உப்பி அடங்கியது. சிரிக்கிறார் என்று தோள் குலுங்கியதில்தான் தெரிந்தது. சிரித்து முடித்து, ஒரு குண்டை எடுத்து, நெடுநேரம் உருட்டினார். அது பழசும் இல்லை, புதுசும் இல்லை என்பது போல விரலிடுக்கிலேயே வைத்துக்கொண்டார். எனக்கு அந்த வார்த்தை வரப்போகிறது என்று பயம் வந்துவிட்டது.

"இப்பவும் பாக்கலாம்னு சொல்லிடாதீங்க டாக்டர். எனக்கு இதுக்கு மேல கழட்டறதுக்கு ஒண்ணும் இல்ல."

"அக்கா, உள்ள எல்லா மெஷினையும் நிறுத்துங்க" என்றார் டாக்டர். பிறகு முகமூடியைக் கீழே இறக்கினார். "இப்பக் கேளுங்க. நேரா, முழுசா."

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"

"பண்ணிக்கறேன்" என்றார்.