கிளாரினெட் தாண்டும் இடம்

தரையைவிட்டு எழும்பிய கால் இன்னும் இறங்கவில்லை, அப்பாவின் கால், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சராய், துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் பழுப்பு பூட்ஸ், பக்கத்தில் அம்மாவின் வெறுங்கால், அதுவும் அந்தரத்தில், சேலைக் கரை கணுக்காலுக்கு ஒரு விரற்கடை மேலே, புதுச்சேரி லபோர்த்தனே வீதி வீட்டின் சிவப்புத் தரை இருவருக்கும் கீழே காத்துக்கொண்டிருக்கிறது, கிளாரினெட் ஒரு மேட்டில் ஏறுகிறது, உச்சிக்கு வந்ததும் கிராமபோன் முள் ஒரு கீறலில் இடறி, இரண்டு சுற்றைத் தாண்டி, பாட்டின் அந்தப் பக்கம் போய் விழும், அது விழும்போது இவர்களும் விழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து, கறிக்குழம்பும் சோறும் ஆகி, தெருவே உண்ட மயக்கத்தில் கிடக்கிற நேரம், ஐந்து வயது எத்தியேன் சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து இந்தக் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒன்பது வயது அக்கா ஒதேத் அவன் கையைப் பிடித்து வெளியே இழுக்கிறாள், வாடா சோம்பேறி, வருது வருது, இப்போ, குதி, நான்கு பேரும் ஒன்றாகக் குதித்து ஒன்றாக இறங்க, அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கின்றன, அப்பா கஸ்பார் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார், அம்மா லெயோனி, பக்கத்து வீட்டுல என்னா நெனப்பாங்க என்கிறாள், சொல்லிக்கொண்டே மறுபடியும் அப்பாவின் தோளில் கை வைக்கிறாள்.

ஏங்க, தூங்கறீங்களா, ஏலம் பாக்கறீங்களா, டீ ஆறிப்போகுது பாருங்க, என்று மார்த்தா சொல்லி முடிப்பதற்குள் எத்தியேனுக்கு எழுபது வயது தாண்டிவிடுகிறது, மடியில் டாப்லெட், மூக்குநுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடி, அதே வீடு, அதே சிவப்புத் தரை, கோப்பை அலமாரி இருந்த சுவரில் இப்போது இசைத்தட்டுகள், எல்லாம் பழைய ஜாஸ், சிலது அப்பா வயது, சிலது அதற்கும் மூத்தது, ஊரில் மற்றவர்கள் காலையில் எழுந்ததும் தங்கம் என்ன விலை என்று பார்ப்பார்கள், இவர் எந்தத் தட்டு எங்கே என்ன விலைக்குப் போனது என்று பார்ப்பார், பாரிஸில் ஏறியிருக்கிறதா, பெல்ஜியத்தில் இறங்கியிருக்கிறதா, கீறல் இல்லாவிட்டால் நாற்பது யூரோ, கீறல் இருந்தால் நாலு யூரோவுக்கு நாதியில்லை, இதெல்லாம் மனப்பாடம், கல்யாண நாள்தான் ஞாபகம் இருக்காது. கட்டிய மனைவி சும்மா விடுவாளா, கறகறன்னு இருமற தட்டுக்கு இவ்ளோ காசா, நான் கூடத்தான் இருமறேன், ஒரு விலை வெச்சிப் பாருங்களேன், என்பாள், எத்தியேன் அடுத்த ஏலத்தைத் தட்டுவார், உலகமே கீறல் இல்லாத தட்டைத் தேட, அவர் ஒரே ஒரு கீறலைத் தேடிக்கொண்டிருந்தார், அதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தத் தட்டை அப்பா சைகோனில் வாங்கினார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது, அக்கா பிறந்த சந்தோஷத்தில், சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கியதாக அப்பா சொல்வார், பாதியில்லை முழுசும்தான் என்று அம்மா திருத்துவாள், பிறகு ஊர் திரும்பினார்கள், அத்தனை கடலையும் தாண்டிப் பத்திரமாக வந்த பெட்டி, கப்பலிலிருந்து படகுக்கு இறங்கி, படகிலிருந்து கடற்கரைத் துறைமுகப் பாலத்தில் ஏற்றும்போது கைநழுவி விழுந்ததாம், உள்ளே ஒரே ஒரு தட்டில் ஒரே ஒரு கீறல், மற்றவனாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான், கஸ்பார் போட்டுக் கேட்டார், கிளாரினெட் தாண்டியது, இவரும் தாண்டினார், அம்மாவையும் சேர்த்துத் தூக்கித் தாண்டவைத்தார், அன்றைக்கு ஆரம்பித்தது, எத்தியேனுக்கும் ஒதேத்துக்கும் அந்தப் பாட்டே அப்படித்தான், அதில் ஒரு குறை இருக்கிறது என்பதே தெரியாது, தெரிந்தது பெரியப்பா மகள் கல்யாணத்தில், மதராஸிலிருந்து வரவழைத்த பேண்டுக்காரர்கள் அதே பாட்டை எடுக்க, நான்கு பேரும் கைகோத்துக் கூடத்தின் நடுவே போய், அந்த இடம் வந்ததும் குதித்தார்கள், இவர்கள் இறங்கிவிட்டார்கள், பாட்டு இறங்கவில்லை, அது பாட்டுக்கு யாரும் கேட்டிராத ஏதோ ஒன்றை வாசித்துக்கொண்டே போனது, கூடமே சிரிக்கிறது, பதினைந்து வயது ஒதேத் அழுதுகொண்டு வாசலுக்கு ஓடுகிறாள், அப்பா பின்னாலேயே போய், அவங்கதான்மா தப்பு, தெரியாம முழுசா வாசிக்கறானுங்க, என்கிறார், அவள் அழுகையோடு சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு எத்தியேனுக்கு இன்னும் கேட்கிறது, காதுக்குப் பக்கத்தில்.

அதே கல்யாணத்தில்தான் மொய்க் கவரை எத்தியேன் கையில் கொடுத்து, ஐம்பது இருக்கு, இந்தா ஒரு ரூபா, இதையும் உள்ள போடு, மொட்டையா வெக்கக் கூடாது, என்றார் அப்பா, ஏம்பா என்று கேட்டதற்கு, மொட்டையா வெச்சா இதோட முடிஞ்சிதுன்னு ஆயிடும், ஒண்ணு சேத்து வெச்சா இன்னும் போக்குவரத்து இருக்குன்னு அர்த்தம், என்றார், ஊர் முழுக்க அப்படித்தான் வைக்கிறது என்றாலும், அப்பா இதில் கொஞ்சம் கூடுதல் பைத்தியம், கோயில் காணிக்கைத் தட்டில் பதினொன்று, கறிக்கடையில் பேரம் பேசினாலும் இருபத்தொன்றில்தான் நிற்பார், கறிக்கடைக்காரர் இவர் தலையைக் கண்டாலே, வாங்க ஒத்த ரூபா முசே, என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிடுவார்.

அப்பா போனது ஆஸ்பத்திரியில், மூன்று வாரம் கிடந்து, மூச்சு இழுத்து இழுத்து, அதற்குப் பிறகு அம்மா கிராமபோனைத் தொடவில்லை, துணிபோட்டு மூடிவிட்டாள், யாரும் அந்தத் தட்டைக் கேட்கவுமில்லை, கேட்டால் அம்மா என்ன ஆவாளோ என்று பயம், ஒதேத் கல்யாணமாகி பிரான்சுக்குப் போனாள், புருஷன் வீட்டாருக்கு அந்தக் குடியுரிமை, எத்தியேன் இங்கேயே தங்கினார், வருடங்கள் போயின, அம்மாவும் போனாள், அடக்கம் முடிந்த மறுநாள் அக்கா பெட்டியைத் திறந்தாள், மற்ற தட்டெல்லாம் இருந்தது, அது இல்லை, எங்கடா, எனக்கு எப்படித் தெரியும், வீட்டுல இருக்கறது நீதானே, போன தடவை வந்தப்ப பெட்டி நிறைய எதையோ அடைச்சிட்டுப் போனது நீதானே, வித்துட்டியாடா, வெக்கமாயில்ல உனக்கு இப்படிக் கேக்க, திருடன், திருடி, அம்மா படத்துக்கு முன்னால் வைத்த மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போதே இவ்வளவும் பேசிவிட்டார்கள், அன்று சாயங்காலமே அவள் கிளம்பினாள், அதோடு சரி, இருபது வருடத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது, ஒரு பேச்சு இல்லை. தட்டு போனது எத்தியேனுக்கு வலித்தது, ஆனால் தூக்கம் வராமல் புரளவைத்தது அதுவல்ல, என் கையைப் பிடித்து இழுத்துக் குதிக்கவைத்தவள் என்னிடமே திருடினாளே என்பதுதான், அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

அப்படி ஆரம்பித்ததுதான் இந்தத் தட்டுப் பைத்தியம். அதே பாட்டை மூன்று முறை ஏலத்தில் எடுத்துவிட்டார், மூன்றும் சுத்தமானவை, விற்றவர்கள் பெருமையாக எழுதியிருந்தார்கள், ஒரு கோடு இல்லை என்று, போட்டுக் கேட்டால் கிளாரினெட் மேட்டில் ஏறி, உச்சிக்கு வந்து, தாண்டாமல், நிதானமாக ஒரு வளைவு வளைந்து இறங்கிவந்தது, நல்ல வாசிப்பு, எந்தக் குறையும் சொல்ல முடியாது, ஆனால் நம் வீட்டுக்குள் தெரியாத ஆள் நடந்து போகிற மாதிரி இருந்தது, எத்தியேன் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் காலைத் தூக்கி, இறக்க இடம் தெரியாமல் நின்றார். அதன்பிறகு வாங்குவதை விட்டுவிட்டு, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு தட்டுக்கும் கீழே போட்டிருக்கும் மாதிரி ஒலித்துண்டைக் கேட்பார், எவ்வளவு கீறல் இருக்கும் உலகத்தில், ஆரம்பத்தில் இடறுவது, கடைசியில் இடறுவது, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நிற்பது, அது மட்டும் வரவில்லை.

போன வாரம் வந்தது. லியோனில் ஒரு பெண்மணி போட்டிருந்தார், உறை கிழிசல், ஒரு இடத்தில் முள் தாண்டும், இந்தியாவிலிருந்து வந்தது, விலை ஐந்து யூரோவில் தொடக்கம், அவ்வளவுதான் எழுதியிருந்தார், எத்தியேன் ஒலித்துண்டைத் தட்டினார், கறகறப்பு, மேடு, உச்சி, தாண்டியது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரின் இரண்டு காலும் தாமாகத் தரையைவிட்டு எழும்பி இறங்கின, டீ டம்ளர் ஆடிச் சாய்ந்து வேட்டியெல்லாம் டீ, மார்த்தா ஓடிவந்து, என்னா ஆச்சு, நெஞ்சு வலிக்குதா என்கிறாள், அவர் அழுகிறார், எழுபது வயது ஆம்பிளை, வாய்விட்டு.

திருடி, கடைசியில் வித்தே விட்டாளே, என்பதுதான் அழுது முடித்ததும் முதலில் வந்த எண்ணம், இருக்கட்டும், காசு கொடுத்தே எடுத்துக்கொள்கிறேன் என்று பதினொன்று வைத்தார், அடுத்த நாள் யாரோ முப்பத்தொன்று, இவர் ஐம்பத்தொன்று, அந்த யாரோ எழுபத்தொன்று, பெயர் தெரியாது, வெறும் எண்தான் காட்டுவார்கள், இவருக்கு வெறி ஏறியது, நூற்றொன்று, நூற்றிருபத்தொன்று, நாலு யூரோ பெறாத தட்டு, இந்த விலைக்கு மூன்று சுத்தமான தட்டு வாங்கலாம், எவன் இவன், அறிவுகெட்டவன், ஞாயிற்றுக்கிழமை, ஏலம் முடியப்போகிற சாயங்காலம், இவர் நூற்றெண்பத்தொன்று வைக்க, அந்த எண் இருநூற்றொன்று வைத்தது, அவர் விரல் இருநூற்று ஐம்பத்தொன்று என்று அடித்துவிட்டு, அழுத்தப்போன இடத்தில் நின்றுவிட்டது.

பத்துப் பத்தாக ஏற்றுவார்கள், ஐந்தில் முடிப்பார்கள், கெட்டிக்காரன் எவனாவது ஒரு தடவை ஒற்றைப்படை போடுவான், ஒவ்வொரு தடவையும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று எந்த வெள்ளைக்காரன் வைப்பான், முப்பத்தொன்று, எழுபத்தொன்று, நூற்றிருபத்தொன்று, மொட்டையா வெக்கக் கூடாதுடா, மாதாவே, என்றார் எத்தியேன் சத்தமாக, திருடினவள் எதற்காக ஏலம் கேட்க வேண்டும், கையில் இருப்பதை யாராவது காசு கொடுத்துக் கேட்பார்களா, அப்படியென்றால் அவளிடம் இல்லை, அவளிடம் என்றைக்குமே இல்லை.

மார்த்தா, அக்கா நம்பர் வேணும், எங்கே தேடுவேன், என்று இவர் தவிக்க, அவள் அசராமல் தன் போனை எடுத்து நீட்டினாள், வருஷா வருஷம் கிறிஸ்துமசுக்கு அண்ணிகிட்ட நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், உங்க ரெண்டு பேருக்கு நடுவுல என்னை எவன் கேட்டான், போங்க, பேசுங்க, என்றாள்.

அலோ, மார்த்தாவா, என்றது குரல், கிழவியின் குரல், அதற்குள்ளே அந்தப் பழைய குரல், அக்கா, நான்தான், என்றார், எத்தியேனா, யாராச்சும் செத்துட்டாங்களாடா, என்றாள், இல்லக்கா, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம், இருநூத்தி ஒண்ணு வெச்சது நீயா, உனக்கு எப்படிடா தெரியும், எவனோ ஒரு கிறுக்கன் விடாம ஏத்திக்கிட்டே இருக்கான், நாசமாப் போறவன், அந்தக் கிறுக்கன் நான்தான்க்கா, என்று சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா அவருக்கே தெரியாது, அட பாவி, உனக்கு அனுப்பத்தாண்டா நான் வாங்க வந்தேன், நீயே வெலையை ஏத்தி விடறியே, என்று அவள் கத்துகிறாள், பிறகு கத்தல் இறங்கி, அந்த எடம் தாண்டறதைக் கேட்டதும் நான் அந்த லியோன் அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன்டா, அவங்க சின்னம்மா கன்னியாஸ்திரியாம், நம்ம ஊரு ஆஸ்பத்திரியில இருந்தவங்க, அப்பாவைப் பாத்துக்கிட்டவங்க, நம்ம அம்மாதான் அதை அவங்களுக்குக் குடுத்தாளாம், இதை வீட்டுல வெச்சிக்க முடியல சிஸ்டர், பாட்டு போடாமலே அந்த எடம் வருது, கால் தானா தூக்குது, கூடக் குதிக்க ஆள் இல்லைன்னு சொல்லி அழுதாளாம், என்றாள். எத்தியேன் கண்ணுக்குள், துணிபோட்டு மூடிய கிராமபோனுக்குப் பக்கத்தில் அம்மா தனியாகக் காலைத் தூக்கி நிற்கிறாள், மகனும் மகளும் அதைப் பார்க்கவில்லை, உன்னைப் போய்த் திருடன்னு சொன்னேனேடா, நானும்தான் சொன்னேன்க்கா, அவங்க பதில் வந்த அன்னிக்கே உனக்குப் போன் பண்ணியிருக்கணும், வெக்கமா இருந்துச்சு, தட்டை அனுப்பிட்டுப் பேசலாம்னு இருந்தேன், என்கிறாள், இருவரும் மாறி மாறி மூக்கை உறிஞ்சுகிறார்கள்.

ஏங்க, இது என்னா கலர் மாறுது, என்று மார்த்தா டாப்லெட்டைக் காட்டினாள், ஏலம் முடிந்துவிட்டிருந்தது, கடைசி நொடியில் மூன்றாவது ஆள் ஒருவன் புகுந்து எடுத்துப் போயிருந்தான், இருநூற்று அறுபது, மொட்டையாக. போச்சுக்கா, என்றார் எத்தியேன், எவ்ளோவுக்கு, இருநூத்தி அறுவது, மொட்டையா வெச்சானா, மொட்டையாத்தான் வெச்சான், அந்தப் பக்கம் வெடித்தது அந்தச் சிரிப்பு, கல்யாண வாசலில் அழுகையோடு சேர்ந்து வந்த அதே சிரிப்பு, நாம அடிச்சிக்கிட்டதைப் பாத்து என்னமோ புதையல்னு நெனச்சிட்டான்டா, பாவம், வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாப்பான், அந்த எடத்துல தாண்டும், தலையில கை வெச்சிக்குவான், என்று மூச்சு வாங்கினாள், எத்தியேனும் சிரித்தார், வயிறு வலிக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டுதான் போச்சு, சத்தம் இன்னும் இங்கேயே இருக்குக்கா, என்று ஒலித்துண்டைத் தேடினார்.

போனை மேசையில் சாய்த்து வைத்து, டாப்லெட்டை அதற்குப் பக்கத்தில் வைத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், முட்டிக்கு டாக்டர் என்னா சொன்னாருன்னு மறந்துபோச்சா என்று மார்த்தா கேட்க, அதே சமயம் அங்கேயும் ஒரு நாற்காலி நகரும் சத்தம், எனக்கு இடுப்புல பிளேட் வெச்சிருக்குடா, என்றாள் அக்கா, அப்ப ஒரு காலையாச்சும் தூக்கு, என்றார் தம்பி, கறகறப்பு ஆரம்பித்தது, கிளாரினெட் மேட்டில் ஏறுகிறது, சிவப்புத் தரை காத்துக்கொண்டிருக்கிறது, வருது வருது, என்கிறது போனிலிருந்து ஒன்பது வயதுக் குரல், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எத்தியேன் காலைத் தூக்குகிறார், இப்போ, குதி, நரம்பு தெரியும் அந்தக் கிழட்டுக் கால் தொப்பென்று தரையில் இறங்கியது, அக்காவின் கால் அங்கே இறங்கிய சத்தம் அத்தனை தூரத்தையும் கடந்து கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது, முந்திட்டேடா, இன்னொரு தரம் போடு, என்றாள் ஒதேத்.