மூன்றாவது ஊசி

சிகிச்சை அறையில் அவளுக்கு ஸ்கேலம்மா என்று பெயர். எதையும் இரண்டு தடவை அளக்காமல் விடமாட்டாள். மின்துடிப்பு எந்திரத்தை இயக்குவது அவள் வேலை.

அன்று மேசையில் படுத்திருந்தவர் ஒரு எலக்ட்ரீஷியன். கல்லீரலில் நெல்லிக்காய் அளவுக் கட்டி, பித்தக் குழாயை ஒட்டினாற்போல். சூடு வைத்துக் கருக்கினால் குழாயும் சேர்ந்து வெந்துபோகும். அதனால் கட்டியைச் சுற்றி நான்கு ஊசிகளைச் செருகி, இரண்டிரண்டு ஊசிகளுக்கு நடுவே நொடிக்கும் குறைவான மின்துடிப்புகளைப் பாய்ச்சுவதாக ஏற்பாடு. கட்டியின் செல்களில் ஓட்டை விழுந்து அவை செத்துப்போகும், குழாய் பிழைத்துக்கொள்ளும்.

"முப்பது வருஷமா ஷாக் அடிக்காம தப்பிச்சவன்மா நான். இப்ப கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன். எத்தனை வோல்ட்டு?"

"மூவாயிரம் வரைக்கும் போகும்ண்ணே."

"எர்த் குடுத்திருக்கீங்களா?"

"பேசாம தூங்குங்கண்ணே."

மயக்க மருந்து டாக்டரம்மா அவரைத் தூங்கவைத்து, உடம்பு துள்ளாமல் இருக்கத் தசைகளையும் தளர்த்தினார். பெரிய டாக்டர் ஊசிகளை இறக்கினார். ஸ்கேலம்மா ஸ்கேனைப் பார்த்து ஊசிகளின் இடைவெளிகளை அளந்து எந்திரத்தில் ஏற்றினாள். இடைவெளிக்குத் தக்கபடிதான் எந்திரம் வோல்ட்டை வைக்கும். அதன்பிறகு, மூன்றாவது ஊசி ரத்தக்குழாயை உரசுகிறது என்று பெரிய டாக்டர் அதை உருவி, பக்கத்திலேயே மறுபடி செருகினார். தோலில் பார்த்தால் பழைய இடம் மாதிரிதான் இருந்தது. அவள் பழைய அளவையே விட்டுவைத்தாள்.

இதயத் துடிப்போடு சேர்ந்து மின்துடிப்புகள் போயின. செல்களில் ஓட்டை விழ விழ மின்னோட்டம் கூடும்; திரையில் மற்ற ஜோடிகளின் மின்னோட்டக் கோடுகள் படிப்படியாக ஏறின. மூன்றாவது ஊசி சேர்ந்த ஜோடிகளில் மட்டும் கோடு அசையவில்லை.

"கொழுப்பு ஈரல், அப்படித்தான் காட்டும்" என்றார் பெரிய டாக்டர். "ஊசிகளை எடுத்துடலாம்."

அவள் எந்திரத்தில் ஏற்றியிருந்த பழைய அளவைப் பார்த்தாள். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கட்டி மறுபடி வளர்ந்த பிறகு ஸ்கேனில் வேண்டுமானால் தெரியும்.

"சார், மூணாவது ஊசிய மாத்தினப்புறம் நான் அளக்கல."

"யாரு, நீயா?"

"பேரை மாத்திடவேண்டியதுதான்" என்றார் டாக்டரம்மா, அடுத்த மருந்தை சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டே.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தோலருகே சேர்ந்திருந்த ஊசி உள்ளே போகப்போக விலகியிருந்தது. ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டே முக்கால். நடுவில் கட்டியின் ஒரு துண்டு உயிரோடு இருந்திருக்கும்.

ஊசியை நேராக்கிச் செருக இருபது நிமிடம் ஆனது. அளவைச் சொன்னாள், டாக்டர் தாமும் ஒருமுறை அளந்து பார்த்தார். துடிப்புகள் மறுபடி போயின. இந்தத் தடவை கோடு ஏறியது.

வெளியே எலக்ட்ரீஷியனின் மனைவி எழுந்து நின்றார். "ஏம்மா இவ்வளவு நேரம்?"

"ஒரு ஊசி விலகியிருந்துச்சுக்கா. நான் அளக்காம விட்டுட்டேன். மறுபடி போட்டோம்."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப?"

"இப்ப சரியா விழுந்திருக்கு. கட்டி முழுசா போச்சான்னு அடுத்த மாச ஸ்கேன்லதான் தெரியும்."

"தேதி சொல்லு" என்று பேனாவை எடுத்தார்.