என் இடுப்பளவுக்கு ஒரு கயிறு

பந்தயத்துக்கு முந்தின நாள் அண்ணன் எனக்காக ஒரு கயிறு தயார் செய்தான். சைக்கிள் கடை நடுவில் என்னை நிற்க வைத்து, இடுப்பைச் சுற்றி அளவெடுத்து, ஒரு முனையில் வளையம் போட்டான். மறுமுனை அவனுக்கு.

"மலை ஏறும்போது நாக்கு தள்ளும். அப்ப மாட்டிக்க, இழுத்துட்டுப் போறேன்."

சைக்கிள், ஆறு, மலை என்று ஒரே நாளில் முடிக்கிற பந்தயம். அணிக்கு நாலு பேர். நாலு பேரும் கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு. ஒருவர் உட்கார்ந்தாலும் எல்லாருக்கும் அம்போ. அண்ணன், அண்ணி, நான், கடை மெக்கானிக். மெக்கானிக்கின் வாயிலிருந்து ஓயாமல் காற்று வருவதால் அவனுக்கு வால்வு என்று பெயர்.

பந்தயம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கடையின் பின்பக்கப் பட்டறைதான் என் உயிர். கோணின சக்கரத்தையெல்லாம் அங்கே உட்கார்ந்து நிமிர்த்துகிறவள் நான். அதை மொபைல் கடைக்காரனுக்கு வாடகைக்கு விடுவதாக அண்ணன் சொன்னதும் கத்தினேன். அவன் வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே சவால் விட்டான்.

"எங்க டீம்ல வா. என் கயித்த மாட்டாம முடிச்சுட்டா பட்டறைச் சாவி உனக்கு. மாட்டினா, வாய மூடிட்டு வீட்ல கெட."

பந்தயத்தன்று காலையிலேயே தன் முனையை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டான். சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டான். எல்லாம் என் கண்ணில் படத்தான். சைக்கிளில் என்னை முன்னால் விட்டு எதிர்காற்றைத் தின்ன வைத்தான். ஆற்றில் கழுத்தளவுத் தண்ணீரிலும் வளையத்தைத் தூக்கிக் காட்டி, "வேணுமா?" என்றான்.

மலை பாதி ஏறியதும் என் பை ஏன் இப்படிக் கனக்கிறது என்று திறந்து பார்த்தால், உள்ளே அவனுடைய தண்ணீர் பாட்டில்கள். என்னைக் கயிறு மாட்ட வைக்க இப்படி ஒரு புத்தி. வந்த ஆத்திரத்தில் அத்தனை தண்ணீரையும், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்த வால்வின் தலையில் கவிழ்த்தேன். அவன் குளிர்ந்து போய் முதல்முறையாக வாயை மூடினான்.

கெடுவான் கேடு நினைப்பான். மலை இறங்கி, முடிவுக்கோட்டுக் கூட்டம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அண்ணனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது.

"தண்ணி எங்க?"

"உன் தண்ணி எங்கன்னு என்னை ஏன் கேக்கற?" என்றேன்.

தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"என்னால முடியல. வேணும்னா அந்த வளையத்த மாட்டிட்டு என்னை இழு. ஆனா மாட்டினா நீ தோத்த. இழுக்கலன்னா யாருமே முடிக்கல. எப்படிப் பாத்தாலும் சாவி எனக்குத்தான்."

கூடப் பிறந்தவன் என்றும் பார்க்காமல் அவனை அறையக் கையை ஓங்கினேன்.

காலையிலிருந்து பேசாமல் வந்த அண்ணி குனிந்து வளையத்தை எடுத்தாள். என் இடுப்பளவு வளையம் அவளுக்குப் பத்தவில்லை. தோளில் போட்டுக்கொண்டாள்.

"பயிற்சிக்குப் போன நாளெல்லாம் என்னை இப்படித்தான கயித்துல இழுத்தீங்க, சிரிச்சுக்கிட்டே? எந்திரிங்க."

"ஏய், விடு!" என்று அண்ணன் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். ஆற்றில் நனைந்தது இரும்பாக இறுகிக் கிடந்தது. அண்ணி ஒரு சுண்டு சுண்டினாள். எழுந்து நொண்டிக்கொண்டே வந்தான். கோட்டருகே கூடியிருந்த கடை வாடிக்கைக்காரர்கள் விசிலடித்தார்கள். நாலு பேரும் கோட்டைத் தாண்டினோம்.

எல்லாரும் போட்டோ எடுக்க, அண்ணன் இடுப்பில் கயிறோடு நின்றான். அண்ணி இழுத்துப் பார்த்தாள், வால்வு பல்லால் கடித்துப் பார்த்தான். முடிச்சு அசையவில்லை. கடைசியில் அண்ணன் என் பக்கம் திரும்பினான். துருப்பிடித்த சக்கரக் கம்பியையே திருகி எடுக்கிற விரல் என்னுடையது, அவனுக்கும் தெரியும்.

"அவுத்துவிடுடி."

கையை நீட்டினேன்.

"மொதல்ல சாவி."