நூற்று இருபத்திரண்டு திட்டு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பாரிவாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், ராயப்பன் தன் வாழ்நாளிலேயே பெரிய அவமானம் பட்டார். திட்ட வேண்டிய ஆளுக்கு நன்றி சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். அவரும் மனைவி ஞானகுமாரியும் காய்கறி வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். கீழ்த்தளப் பார்க்கிங்கிலிருந்து ஒரு கார் சர்ரென்று மேலே ஏறி வருகிறது. ஹாரனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஞானகுமாரியின் முந்தானையை உரசிக்கொண்டு நின்றது. அவள் பதறிப்போய்ப் பையைக் கீழே போட, தக்காளியெல்லாம் உருண்டு ஓடியது. காருக்குள் இருந்தவர் சம்பத், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கண்ணாடியை இறக்கினார். மன்னிப்புக் கேட்பார் என்றுதானே யாரும் நினைப்போம்? "என்னம்மா, பார்த்து வரக் கூடாதா? வயசாச்சில்ல?" என்றார் மனுஷன்.

ராயப்பனுக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் வாயைத் திறந்து கத்த முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளையும் அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியும்தான் மிச்சம். பேச்செல்லாம் செல்போனில் இருக்கிறது. திரையில் வரிசை வரிசையாகப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஆபரேஷனுக்கு முன்னால் அவரே பேசிப் பதிந்த ஒரு வாக்கியம். கட்டைவிரல் தன் பாட்டுக்குக் கடைசி வரிசையின் மூன்றாவது பொத்தானுக்குப் போயிற்று. "ஊட்ல சொல்லிகினு வந்துட்டியா, சாவுகிராக்கி?" என்பது அங்கேதான் இருக்கும். பார்க்காமலே அழுத்தினார்.

"நன்றி. ரொம்ப நன்றி" என்றது போன், அவருடைய சொந்தக் குரலிலேயே.

"பரவாயில்ல சார், பார்த்துப் போங்க" என்று பெருந்தன்மையோடு கையை ஆட்டிவிட்டு சம்பத் போய்விட்டார்.

"இன்னாங்க இது? என்னிய இடிக்க வந்தவனுக்கு நன்றி சொல்றீங்க?" என்று ஞானகுமாரி தக்காளியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

ராயப்பன் போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அது புதுப் போன். பழசுக்குத் திரை விரிசல் விட்டு, சார்ஜ் மத்தியானம்வரைகூடத் தாங்காமல் போனதால் மகன் ஃபெலிக்ஸ் வாங்கிக் கொடுத்தது. முந்தின நாள் சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து பழசிலிருந்து புதுசுக்கு எல்லாவற்றையும் அவனே மாற்றியிருந்தான். "எல்லாம் வந்துடுச்சுப்பா. போட்டோ, நம்பர், ஆப்பு, ஒண்ணு விடல" என்றான். இவரும் போட்டோக்களைத் தள்ளிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். பொத்தான்களை யார் பார்த்தது? இப்போது பார்த்தார். வணக்கம் இருக்கிறது. நன்றி இருக்கிறது. தண்ணி வேணும், வலிக்குது, சாப்பிட்டேன், ஜெபம் பண்ணலாம், ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. எண்ணினால் நாற்பத்தொன்று. இருந்தது நூற்று அறுபத்து மூன்று. காணாமல் போன நூற்று இருபத்திரண்டும் திட்டு. ஒன்றுகூட மிச்சம் இல்லை.

தவறிப் போயிருந்தால் நல்லதும் கெட்டதும் கலந்துதானே போயிருக்கும்? இது பொறுக்கி எடுத்த வேலை. பெற்ற பிள்ளை, அப்பன் வாயில் எது இருக்கலாம், எது கூடாது என்று உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறான்.

பழைய போன் எங்கே என்று கையாலேயே கேட்டார். ஞானகுமாரிக்குப் புரிந்துவிட்டது, முகம் வெளுத்தது. "நம்ம வெளிய போசொல்லவே அவன் எடுத்துகினு கெளம்பிட்டான். கரையான்சாவடி கடையில எக்ஸ்சேஞ்சுக்கு. அங்க எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் எடுத்துப்பாங்களாம்." பேசிக்கொண்டே மகனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பைக்கில் போகிறவன் எங்கே எடுக்கப் போகிறான்!

தக்காளியை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவை மறித்தார்கள்.

ராயப்பன் முப்பத்தொரு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் மேஸ்திரி. தகடு வெட்டும் மெஷின் பத்து ஒரே நேரத்தில் ஓடும். அந்தச் சத்தத்தில் ஒரு ஆளின் விரலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் "தயவுசெய்து கையை எடுங்கள்" என்றா சொல்லிக்கொண்டிருக்க முடியும்? "கைய எட்றா கய்தே!" என்று போடுகிற சத்தத்தில்தான் ஆள் பிழைப்பான். அவரிடம் திட்டு வாங்காதவர்கள் எஸ்டேட்டில் குறைவு. கல்யாணப் பத்திரிகையை முதலில் அவருக்கு வைத்தவர்களும் அப்படித் திட்டு வாங்கியவர்கள்தான்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். தேவையான வாக்கியங்களை உங்கள் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள், பிறகு வாய்ப்பு இல்லை என்றார்கள். தண்ணி வேணும், வலிக்குது, நன்றி என்று நாற்பத்தொரு வாக்கியம். பத்தே நிமிஷத்தில் அதைப் படித்து முடித்துவிட்டு, காகிதத்தைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, மீதி மூன்று நாளும் திட்டுத்தான் பதிந்தார். கட்டில் ஓரத்தில் ஞானகுமாரி போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய தகராறு என்று நினைத்தார்கள். அப்போது அவற்றைப் பொத்தான் பொத்தானாக அடுக்கிக் கொடுத்தவன் இதே ஃபெலிக்ஸ்தான். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே அடுக்கினான். சேக்காட்டு வாடகை வீட்டில் இருந்தவரை அவனுக்கு அதெல்லாம் தப்பாகவே படவில்லை. இந்த ஃப்ளாட்டுக்கு வந்த ஆறு மாசத்தில்தான் எல்லாம் கசந்துவிட்டது.

புதுப் போனில் எதை எழுதினாலும் படித்துக்காட்ட ஒரு பெண் குரல் இருக்கிறது என்று பெருமையாக வேறு காட்டியிருந்தான். ஆட்டோவில் ராயப்பன் சோதனைக்காக அதில் ஒரு திட்டை எழுதிப் பார்த்தார். ரயில் வரப்போகிறது என்று அறிவிக்கிற மாதிரி வாசித்தது. அதைக் கேட்டு எவன் பயப்படுவான்?

மெட்ரோ தூண்களுக்குக் கீழே ஆட்டோ ஊர்ந்தது. "கொஞ்சம் சீக்கிரம் போப்பா" என்று ஞானகுமாரி நாலு தரம் சொல்லிவிட்டாள். அந்தக் குரல் ஒரு தரம் அழிந்தால் அழிந்ததுதான். திரும்பப் பதிய தொண்டை எங்கே இருக்கிறது?

கடைக்குள் நுழைந்தபோது ஃபெலிக்ஸ் கவுண்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே சுவேதா என்று சட்டையில் பெயர் குத்திய பெண், கையில் பழைய போன். திரையில் 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்ற கேள்வி. அவள் விரல் அதற்கு மேலே நிற்கிறது.

கவுண்டருக்கும் வாசலுக்கும் நடுவே ஏகப்பட்ட கூட்டம். ராயப்பனிடம் இருப்பதோ நாற்பத்தொரு நல்ல வார்த்தை. நிறுத்து என்று சொல்ல அதில் ஒன்று இல்லை. தொடாதே என்று சொல்ல ஒன்று இல்லை. சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டு, கைக்குக் கிடைத்ததை அழுத்தினார்.

"வலிக்குது! வலிக்குது! வலிக்குது!"

கடை அப்படியே நின்றுவிட்டது. சுவேதா விரலை எடுத்துவிட்டாள். ஃபெலிக்ஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, "எங்கப்பா? எங்க வலிக்குது?" என்று அவர் தோளைப் பிடித்தான்.

ராயப்பன் சுவேதாவின் கையிலிருந்த போனைக் காட்டினார்.

ஃபெலிக்ஸின் கை தோளிலிருந்து நழுவியது. "அதுல இருக்கிறதெல்லாம் இதுல வந்துடுச்சேப்பா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"திட்டு எங்கடா?" என்றாள் ஞானகுமாரி.

"அம்மா, மெதுவா பேசு. அதெல்லாம் எதுக்கு இப்போ? ஃப்ளாட்ல எல்லாம் டீசன்ட்டான ஆளுங்க. போன மாச மீட்டிங்ல அப்பா எல்லார் முன்னாடியும் கஸ்மாலம்னு அழுத்திட்டாரு. இப்ப அங்க இருக்கிற வாண்டுங்கள்லாம் என்னைப் பார்த்து கஸ்மாலம் அங்கிள்னு கூப்பிடுது. லிப்ட்ல நிக்க முடியல. எனக்கு அசிங்கமா இருக்கும்மா. நல்லதா நாலு வார்த்தை இருந்தா போதாதா?"

"உனக்கு அசிங்கம். எனக்கு?" ஞானகுமாரி குரலை இறக்கவில்லை. "என்னத் திட்றது மட்டும் பத்தொம்போது கீது. சாம்பார்ல உப்பு இல்லன்னா ஒண்ணு, மாத்திரை போட மறந்தா ஒண்ணு. அதுல ஒண்ணு கேட்டாத்தான்டா ஊட்ல என் புருசன் கீறாருன்னு எனக்குத் தெரியுது. தண்ணி வேணும், வலிக்குது, நன்றி... இத்த மட்டும் சொல்லிகினு இருந்தா அது புருசன் இல்ல, பேஷண்ட்டு. அந்தப் பத்தொம்போதும் என்னுது. அத்த அழிக்க நீ யார்ரா?"

சுவேதா பழைய போனை நீட்டினாள். ராயப்பன் வாங்கினார். விரிசல் விட்ட திரையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. விரல் நேராகப் போய் இறங்கியது.

"டேய் பன்னாடை! அப்பனாண்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல உனக்கு?"

முப்பத்தொரு வருஷம் மெஷினை அடக்கிய குரல். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. யாரோ ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஃபெலிக்ஸுக்குக் காது மடல் சிவந்தது.

"இதத்தாம்ப்பா சொல்றேன். பாருங்க, எல்லாரும் பார்க்கிறாங்க."

ராயப்பனுக்குக் கோபத்தோடு துக்கமும் சேர்ந்து வந்தது. அவரிடம் இந்த இடத்துக்கான பொத்தான் இல்லை. பெற்ற மகனே வாயை அடைப்பான் என்று பதிந்த அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை. புதுப் போனை எடுத்தார். ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார். பழக்கமில்லாத கை, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டியது. பின்னால் நின்றவர் ஏதோ கேட்க வாயெடுத்தார், சுவேதா பொறுங்கள் என்று கையைக் காட்டினாள். எழுதி முடித்து, படித்துக்காட்டும் பெண் குரலை அழுத்தாமல், திரையை மகன் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

ஃபெலிக்ஸ் படித்தான். மறுபடி ஒரு முறை படித்தான். கண் திரையை விட்டு வரவில்லை.

"இன்னாடா எழுதிகீறாரு? எனக்குக் கண்ணாடி இல்ல. படி" என்றாள் ஞானகுமாரி.

"அம்மா..."

"கேக்குற மாதிரி படிடா."

ஃபெலிக்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "சாவப் போறோம்னு நெனச்சிருந்தா உங்களுக்கெல்லாம் ஆசீர்வாதம் பதிஞ்சு வச்சிருப்பேன். பொழச்சு வந்து இன்னும் சண்ட போடணும்னுதான்டா திட்டு பதிஞ்சேன்." கடைசி வார்த்தைகள் சரியாக வரவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்தான்.

ராயப்பன் அவனைத் தட்டிக்கொடுக்கவில்லை. மன்னித்த மாதிரி தலையாட்டவும் இல்லை. பழைய போனைக் கவுண்டரில் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நின்றார். எடுத்துப் பார் என்றது அந்தக் கை.

ஃபெலிக்ஸ் புதுப் போனைக் கவுண்டரில் வைத்தான். "மேடம், ஒரு கேபிள் குடுங்க. மறுபடி மாத்தணும்."

அவர் கையை எடுக்கும்வரை காத்திருந்து, சுவேதா இரண்டு போன்களையும் இணைத்தாள். பட்டியல் திரையில் இறங்கியது. அவள் அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "சார், கய்தேன்னு ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருக்கு. டூப்ளிகேட் போல. ஒண்ணை விட்டுடலாமா?"

ராயப்பன் பதறிப்போய்க் கையை நீட்டினார். அதற்குள் பக்கத்தில் ஒரு சத்தம் வெடித்தது.

"ஒண்ணும் உடக் கூடாது! ரெண்டுத்தையும் எடு! ரெண்டும் எங்க அப்பன் திட்டுத்தான், வேற வேற திட்டு!"

கத்தியது ஃபெலிக்ஸ். கடையில் இருந்தவர்கள் மட்டுமில்லை, வெளியே ரோட்டில் போனவர்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.